இருமும்போது சிறுநீர் கசிவது ஏன்?

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதை, மயிலாடுதுறை வட்டாரத் தாய்மார்கள் பலர் ஆண்டுக்கணக்கில் மறைத்த பின்னரே எங்களிடம் சொல்கின்றனர். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளிவரும் குழாயையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்தில் அவை விரிந்து தளர்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மேலும் நலியலாம். உடற்பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், நெற்கட்டும் மூட்டையும் தொடர்ந்து தூக்குதல் ஆகியவை வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. தளர்ந்த தசை அதைத் தாங்காதபோது சிறுநீர் கசிகிறது.

இதற்கு அஞ்சி, வயல் வேலையின்போது தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கிய தசைப்பயிற்சியை முறையாகக் கற்று, 3 மாதங்களேனும் நாள்தோறும் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. சிறுநீரில் எரிச்சலோ இரத்தமோ இருந்தால் உடனே மருத்துவரை அணுகுங்கள்.