நான்கு அட்டை வைத்தும் ஏன் கைக்கு வரவில்லை?

மதிய உணவு இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் தலைகள் நிமிரவில்லை. அருகில் சென்று பார்த்தேன். போக்கிமான் அட்டைகள். வழக்கம்போல் அவற்றை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். மாலையில் அட்டைகளைக் கேட்டு வந்த மாணவன், திட்டு வாங்கத் தயாராக நின்றபடியே ஒரு கேள்வியும் கேட்டான்.

"சார், ஒரே கார்டு நாலு வச்சிருக்கேன். மொத்தம் அறுபது கார்டு. ஆரம்பத்துல ஏழு எடுப்போம். பாதி ஆட்டத்துலயாவது அது கைக்கு வரணும்ல? வரவே மாட்டேங்குது. கலைச்சுப் போடுறவன் ஏமாத்துறானா சார்?"

ஏமாற்றுவதாக அவன் சந்தேகித்தது பக்கத்தில் அமரும் நண்பனைத்தான். இருவரும் இரண்டு நாள்களாகப் பேசிக்கொள்ளவில்லை. நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டுவதையும் பகடை உருட்டுவதையும் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆனாலும் அன்று அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, அந்த ஆட்டத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் கணக்கிட்டதையும் இங்கே பகிர்கிறேன்.

கணித ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம்

சேகரிப்பு அட்டை ஆட்டங்களின் வரலாறு 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு சேர்ப்பியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய பீட்டர் அட்கிசன், எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, கிடைக்கும் சிறு இடைவெளியில் ஆடி முடிக்கக்கூடிய ஓர் ஆட்டம் வேண்டும் என்று அவரிடம் கேட்டார். அதன் விளைவே மேஜிக். 1996இல் ஜப்பானில் போக்கிமான் அட்டை ஆட்டம் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பை 1999இல் வெளியிட்டதும் இதே நிறுவனம்தான்.

நாம் அறிந்த சீட்டாட்டத்தில் 52 சீட்டுகள் கொண்ட ஒரே கட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். இங்கே ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே அமைத்துக் கொண்டுவருகிறார். ஆயிரக்கணக்கான வெவ்வேறு அட்டைகளிலிருந்து எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். இதுவே கட்டு அமைத்தல். ஆட்டத்தில் பாதி வெற்றி இங்கேயே முடிவாகிவிடும் என்பார்கள் ஆடுபவர்கள்.

வரம்பு ஏன் தேவைப்பட்டது?

மேஜிக்கில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைப் பூச்சியமாக்குவதே வழக்கமான இலக்கு. 'நில' அட்டைகள் மனா என்ற ஆற்றலைத் தரும். அந்த மனாவைச் செலவழித்துத்தான் மற்ற அட்டைகளைப் பயன்படுத்த முடியும். 'லைட்னிங் போல்ட்' என்ற பழைய அட்டைக்கு ஒரே ஒரு சிவப்பு மனா போதும்; எதிராளிக்கு 3 புள்ளி இழப்பு. ஏழு போல்ட் அடித்தால் 21. ஆட்டம் முடிந்தது.

தொடக்க விதிகளின்படி கட்டில் 40 அட்டைகள் இருந்தால் போதும். ஒரே அட்டையை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அப்படியானால் போல்ட்டையும் சிவப்பு நிலத்தையும் மட்டும் நிரப்பிக்கொண்டு வருபவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? 1994இல் போட்டி விதிகள் மாறின. கட்டில் குறைந்தது 60 அட்டைகள். அடிப்படை நிலங்களைத் தவிர எந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது. போக்கிமானிலும் இதே 60, இதே 4 வரம்புகள். அங்கே அடிப்படை ஆற்றல் அட்டைகளுக்கு மட்டும் விலக்கு. இரண்டு ஆட்டங்களிலும் தொடக்கத்தில் கைக்கு வருவது 7 அட்டைகள். ஆக, என் மாணவனின் கேள்வியும் மேஜிக் ஆடுபவரின் கேள்வியும் ஒரே கணக்குதான்.

மாணவனுக்கான விடை

முதல் கையில் ஏற்ற அட்டை இல்லாவிட்டால் மீண்டும் கலைத்து எடுப்பது போன்ற விதிகளைச் சற்று ஒதுக்கிவைப்போம். கலைத்த கட்டை 60 இடங்களாக எண்ணுவோம். மேலே உள்ள 7 இடங்கள் கைக்கு வருபவை. மற்ற 53 இடங்கள் கட்டிலேயே தங்குபவை. விரும்பிய அட்டையின் நான்கு பிரதிகளும் அந்த 53 இடங்களில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கண்டுபிடித்தால் போதும்.

முதல் பிரதி அங்கே சிக்கும் வாய்ப்பு 53/60. இரண்டாவதற்கு மிச்சமுள்ள 59 இடங்களில் 52, அதாவது 52/59. மூன்றாவதற்கு 51/58, நான்காவதற்கு 50/57. நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.60. அதாவது நூறு ஆட்டங்களில் சுமார் 60இல் அந்த அட்டை முதல் கையில் வராது. 40இல் மட்டுமே ஒன்றாவது வரும். பாதி ஆட்டத்தில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் பிழை. நண்பனின் கையில் பிழை இல்லை.

இன்னும் மூன்று அட்டைகள் எடுத்து மொத்தம் பத்தைப் பார்க்கும்போது வாய்ப்பு 53 விழுக்காடாகிறது. அவன் எதிர்பார்த்த 'பாதி' அப்போதுதான் வருகிறது.

அட்டைகளின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. ஒரு பிரதி மட்டும் வைத்தால் முதல் கையில் வரும் வாய்ப்பு 11.7 விழுக்காடு, இரண்டு வைத்தால் 22.1, மூன்று வைத்தால் 31.5, நான்கு வைத்தால் 39.9. ஒவ்வொரு பிரதியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் கூடும் அளவு முறையே குறைந்துகொண்டே போகிறது. இரண்டு பிரதி வைத்தால் வாய்ப்பு சரியாக இரட்டிப்பாகும் என்று நினைக்கும் மாணவர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கட்டின் அளவும் முக்கியம். நான்கு பிரதிகளை 40 அட்டைக் கட்டில் வைத்தால் வாய்ப்பு 55 விழுக்காடு. 80 அட்டைக் கட்டில் வைத்தால் 31 விழுக்காடு மட்டுமே. "இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் ஒவ்வோர் அட்டையும், நாம் மிகவும் விரும்பும் அட்டையைச் சற்றுத் தள்ளி வைக்கிறது. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 60 போதும் என்றால் பெரும்பாலும் 61ஆவது அட்டையைச் சேர்ப்பதில்லை.

நிலம் மிஞ்சினாலும் குறைந்தாலும்

மேஜிக் கட்டு அமைப்பவரின் பெரிய கவலை நிலங்கள். 60இல் 24 நிலம் வைப்பது பரவலான வழக்கம். சராசரியாக ஏழு அட்டைகளில் 2.8 நிலம் வரும். சராசரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனித்தனி ஆட்டங்களைப் பார்த்தால் நூற்றில் 14 முறை முதல் கையில் ஒரு நிலமோ, ஒன்றுகூட இல்லாமலோ இருக்கும். 8 முறை ஐந்தும் அதற்கு மேலும் வந்து குவியும். நிலம் இல்லாவிட்டால் எதையும் பயன்படுத்த முடியாது. நிலமே நிறைந்தால் பயன்படுத்த எதுவும் இருக்காது. சராசரி சரியாக இருந்தும் தனி மனிதர் தவிப்பது உண்டு என்பதை மாணவர் உணர இதைவிட எளிய வழி தெரியவில்லை.

புதிய செயல்விதிகள்

ஓர் அட்டை எப்படி இயங்கும் என்று அதன் மீதே எழுதப்பட்டிருக்கும் விதியைச் செயல்விதி எனலாம். மேஜிக்கின் ஒவ்வொரு புதிய தொகுப்பும் சில புதிய செயல்விதிகளோடு வருகிறது. அவற்றில் பல, மேலே சொன்ன தவிப்புகளுக்கு மருந்தாகப் பிறந்தவை.

1998இல் வந்த 'சைக்கிளிங்' அப்படி ஒன்று. கையில் உள்ள அட்டை இப்போது பயன்படாது என்றால், 2 மனா செலுத்தி அதைக் கழித்துவிட்டுக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பயனற்ற அட்டை வேறோர் அட்டையாக மாறுகிறது. சைக்கிளிங் அட்டைகள் நிறைந்த 60 அட்டைக் கட்டு, அதைவிடச் சிறிய கட்டைப் போல் இயங்கும். சிறிய கட்டில் வாய்ப்பு கூடும் என்பதை மேலே பார்த்தோம்.

2020இல் வந்த ஒருவகை இருமுக அட்டைகளில் ஒரு பக்கம் மந்திரம், மறு பக்கம் நிலம். எந்தப் பக்கத்தைப் பயன்படுத்துவது என்பதை ஆடும்போது தீர்மானிக்கலாம். நிலம் குறைந்தால் நிலம், மிஞ்சினால் மந்திரம். இந்த வசதிக்கு விலையும் உண்டு. அதே வேலையைச் செய்யும் சாதாரண அட்டைகளைவிட இவை பொதுவாகச் சற்று வலிமை குறைந்தவை.

அதே ஆண்டு வந்த 'கம்பேனியன்' கட்டு அமைத்தலையே நிபந்தனையாக்கியது. குறிப்பிட்ட கட்டுப்பாட்டுக்கு இணங்கிக் கட்டு அமைத்தால், கட்டுக்கு வெளியே ஒரு துணை அட்டையை வைத்துக்கொள்ளலாம். 'யோரியன்' என்ற துணையின் நிபந்தனை, குறைந்தபட்சத்தைவிட 20 அட்டைகள் கூடுதலாக வைப்பது, அதாவது 80. நான்கு பிரதி அட்டைக்கான வாய்ப்பு 40இலிருந்து 31 விழுக்காடாகக் குறையும். பதிலுக்கு, யோரியன் என்ற ஓர் அட்டை நூற்றுக்கு நூறு உறுதி. இந்த உறுதி எவ்வளவு பெரியது என்பது ஆடத் தொடங்கியதும் தெரிந்தது. துணை அட்டைகள் போட்டிகளை ஆக்கிரமித்தன. சில வாரங்களிலேயே விதி மாறியது. துணையைக் கைக்குக் கொண்டுவர இனி 3 மனா கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

2003இல் வந்த 'அஃபினிட்டி' இதைவிடப் பெரிய பாடம். ஆட்டக்காரரிடம் உள்ள ஒவ்வொரு கருவி அட்டைக்கும் ஒரு மனா தள்ளுபடி என்பது அந்த விதி. தனியே பார்த்தால் அழகான விதி. ஆனால் அதே தொகுப்பில் நிலமாகவும் கருவியாகவும் எண்ணப்படும் அட்டைகளும் இருந்தன. அவை மனாவும் தந்தன, தள்ளுபடியும் தந்தன. 7 மனா மதிப்புள்ள அட்டை விலையே இல்லாமல் இறங்கியது. 2005 மார்ச்சில் 'ஸ்டாண்டர்டு' போட்டிகளில் 8 அட்டைகள் தடை செய்யப்பட்டன; அவற்றில் 6 இந்த வகை நிலங்கள். ஒரு விதியைத் தனியே சோதித்தால் போதாது; ஏற்கெனவே உள்ள விதிகளோடு சேர்த்தும் சோதிக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதற்கு விலை கொடுத்து எந்த அட்டையும் வாங்க வேண்டாம். மாணவர் வாங்குவதையும் ஊக்குவிக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உறை வாங்கும் முறை, விருப்பமான அட்டை வரும்வரை காசைக் கரைக்கத் தூண்டும். மேஜிக்கின் தொடக்க காலத்தில் தோற்றவரின் அட்டை ஒன்றை வென்றவர் எடுத்துக்கொள்ளும் பந்தய விதிகூட இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. இவற்றை மாணவரிடம் வெளிப்படையாகப் பேசலாம்.

நமக்குப் பழைய நோட்டின் அட்டைகளே போதும். ஒரே அளவில் 60 துண்டுகள் வெட்டி, நான்கின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணமிடுங்கள். 40 மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் வந்து, கலைத்து, 7 துண்டுகள் எடுத்து, வண்ணத் துண்டு வந்ததா எனக் கரும்பலகையில் குறித்துவிட்டு, துண்டுகளைத் திரும்பப் போடட்டும். தொடங்கும் முன் எத்தனை பேருக்கு வரும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து எழுதட்டும். கணக்கின்படி சுமார் 16 பேர். 13 அல்லது 19 வந்தாலும் வியப்பில்லை. ஏன் என்பதே அடுத்த உரையாடல். பிறகு வண்ணத் துண்டுகளை இரண்டாகக் குறைத்துச் செய்யலாம். பதினொன்றாம் வகுப்பில் இதையே சேர்வுகளைக் கொண்டு நிறுவலாம்.

தொடக்க வகுப்புகளில் கூட்டலும் கழித்தலுமே போதும். ஆளுக்குப் பத்து மதிப்பெண் கொடுத்து, தாக்கும் வலிமைக்கும் தாங்கும் வலிமைக்கும் பிரித்து ஓர் அட்டையைக் குழந்தைகளே வரையட்டும். ஆடிப் பார்த்தபின் ஒவ்வொரு குழுவும் ஒரு புதிய விதி எழுதட்டும். அந்த விதியால் ஒருவரே எப்போதும் வென்றால், அதை எப்படித் திருத்துவது என்றும் அவர்களே முடிவு செய்யட்டும். யாருடைய விதி தோற்றது என்பதைவிட, எங்கே தோற்றது என்று கண்டுபிடிக்கும் குழந்தைக்குக் கைதட்டுவோம்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, நான்கு பின்னங்களையும் கரும்பலகையில் எழுதி அவனையே பெருக்கச் சொன்னேன். விடையைப் பார்த்தவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். "அப்ப அவன் ஏமாத்தலையா சார்?" என்றான். "நீயே எண்ணிப் பார்" என்றேன். அன்று மதியம் இருவரும் சேர்ந்து துண்டுச் சீட்டுகளைக் கலைத்துக் கலைத்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது முறையில் இருபத்திரண்டு. மணி அடித்ததும், நான் சொல்லாமலேயே, நோட்டை மூடிவைத்துப் பாடத்துக்குத் தயாரானார்கள்.

இப்போதும் வகுப்பு நேரத்தில் அட்டைகள் வெளியே வந்தால் வாங்கி வைக்கிறேன். மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது, அன்று என்ன கட்டு அமைத்தாய் என்று ஒரு கேள்வியும் கேட்கிறேன்.