ஓடாமலே விலை ஏறும் கார்

பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். பிறையிலிருந்து தீவுக்கு வேலைக்கு வருபவர்கள் அதை ஒரு நாளில் இரண்டு முறை கடப்பார்கள். அதே பாலத்தை ஒரே கார் 24 மணி நேரத்தில் 360 முறை கடந்தால் எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட அதைத்தான் 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்ஸ் நாட்டின் லே மான்ஸ் பந்தயத்தில் ஒரு ஃபோர்டு ஜிடி40 செய்து காட்டியது. பந்தயப் பாதையின் ஒரு சுற்று ஏறக்குறைய நம் பாலத்தின் நீளம்தான். 360 சுற்றுகள், 4,843 கிலோமீட்டர். எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நின்ற நேரத்தையும் சேர்த்து, சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் காரின் வாரிசு ஒன்று இருக்கிறது. பிறந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியும் அதில் பல கார்கள் சில நூறு கிலோமீட்டர் கூட ஓடியதில்லை. ஓடாததாலேயே அவற்றுக்கு விலை அதிகம்!

கதை 1963இல் தொடங்குகிறது. இத்தாலியின் ஃபெராரி நிறுவனத்தை வாங்க அமெரிக்காவின் ஃபோர்டு பேச்சுவார்த்தை நடத்தியது. கடைசி நேரத்தில் என்சோ ஃபெராரி பின்வாங்கிவிட்டார். லே மான்ஸில் அப்போது ஃபெராரிதான் அசைக்க முடியாத ராஜா. அங்கேயே அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முடிவெடுத்தார். உயரம் வெறும் 40 அங்குலம் என்பதால் புதிய காருக்கு ஜிடி40 என்ற பெயர் நிலைத்தது. 1964, 1965 இரண்டு ஆண்டும் தோல்வி. 1966இல் முதல் மூன்று இடங்களும் ஃபோர்டுக்கே. அன்று வென்ற காரை ஓட்டியவர்களில் ஒருவர் புரூஸ் மெக்லாரன். இன்றைய மெக்லாரன் கார்கள் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. 1969 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வெற்றி. அதில் கடைசி இரண்டையும் வென்றது இளநீல உடலில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரே கார்.

லே மான்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான இடமும் அல்ல. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் அங்கே ஓட்டினார். லே மான்ஸ் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். மூன்று பேர் மாறி மாறி ஓட்டிய அவருடைய கார் ஆறாவது இடத்தில் முடித்தது.

ஃபோர்டு தன் நூற்றாண்டை ஒட்டி, அந்தப் பழைய காரின் சாயலில் ஃபோர்டு ஜிடி என்ற சாலைக் காரை உருவாக்கியது. 2005, 2006 மாடல்களாக மொத்தம் 4,038 கார்களே வெளிவந்தன. 5.4 லிட்டர் வி8 இன்ஜின், 550 குதிரைத்திறன், ஆறு கியர், கையால் மாற்றும் கியர்பாக்ஸ். கதவைத் திறந்தால் கூரையின் ஒரு பகுதியும் சேர்ந்தே திறக்கும், பழைய பந்தயக் காரில் இருந்ததைப் போலவே. இளநீலமும் ஆரஞ்சும் கலந்த சிறப்புப் பதிப்பு 343 கார்கள் மட்டுமே. புதிதில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலருக்கு விற்ற இந்தக் கார், இன்று அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகிறது.

இங்குதான் சிக்கல். தொழிற்சாலையில் இருந்து வந்த அதே நிலையில் இருக்கும் காரைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டும்போதும் உரிமையாளரின் பணம் கொஞ்சம் கரைகிறது. ஓட்டாமல் வைத்தாலோ கார் நோயாளி ஆகிறது. பேட்டரி இறங்கும். பெட்ரோல் கெட்டு, குழாய்களில் பிசின்போல் படியும். ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படும் பக்கம் தட்டையாகும். பினாங்கு போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஆண்டு முழுவதும் உள்ள ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இத்தகைய கார்களை ஈரம் நீக்கும் கருவி உள்ள அறையில், பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

ஃபோர்டு ஜிடி நம் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. ஆனால் ‘குறைவாக ஓடிய கார்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்குவது நம் வீட்டிலும் நடக்கிறது. முதல் சம்பளத்தில் பழைய கார் தேடும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். மீட்டரில் எண் குறைவாக இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, அந்த எண் உண்மையா? சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறி வந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் பிரேக் மிதியும் தேய்ந்து வழவழப்பாக இருக்க, மீட்டர் மட்டும் 30,000 காட்டினால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, எண் உண்மை என்றால், ஓடாத காலத்தில் அந்தக் காரை யார் கவனித்தார்கள்? டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கலாம். எண்ணெய், பேட்டரி, ரப்பர் பாகங்கள் ஆகியவற்றுக்கும் வயது உண்டு. அவை மீட்டரைப் பார்த்து மூப்படைவதில்லை. முறையாகச் சர்வீஸ் செய்து ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார், மூலையில் மூடி வைத்த காரைவிட நம்பகமாக இருப்பதுண்டு.

1985இல் பினாங்குப் பாலத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் புரோட்டோன் சாகாவை ஓட்டிச் சென்றார். தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த முதல் சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது அங்கே நிற்பதுதான் சரி. மற்ற சாகாக்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தைப்பூசத்துக்கும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஓடின. ஜிடி40இன் பெயர் நிலைத்ததும் ஓடிய ஓட்டத்தால்தான். உங்கள் வீட்டுக் கார் மீட்டரில் பெரிய எண்ணைக் காட்டினால் கவலைப்படாதீர்கள். அடுத்த சர்வீஸ் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.