முழங்காலில் காயம், தொடையில் தடயம்

முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் பலருக்கு, வலி குறைந்த பிறகும் தொடை சூம்பியே இருக்கும். மாடிப்படி இறங்கினால் கால் மடங்கிவிடுமோ என்ற பயம் வரும். அடிபட்டது மூட்டில்; தொடை ஏன் தளர வேண்டும்?

காரணம் நரம்புகளில் இருக்கிறது. மூட்டில் நீர் கோத்தால் அங்குள்ள உணர்நரம்புகள் தண்டுவடத்துக்குத் தெரிவிக்கும். தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளை உடனே குறையும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிலையில் இருந்த முழங்கால்களுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர் சேர்ந்ததுமே, முழங்காலுக்குச் சற்று மேலே உட்புறமாகப் புடைத்திருக்கும் வாஸ்டஸ் மீடியாலிஸ் தசையின் அனிச்சைச் செயல் மட்டுப்பட்டது. முன்தொடையில் சோதித்த மற்ற தசைகள் அடங்க 50, 60 மில்லிலிட்டர் தேவைப்பட்டது.

இந்தத் தளர்ச்சியை அளக்க உதவுவது, தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி. அதைத் தோலுக்கு வெளியிலிருந்தே எடுக்கலாம். தோலில் ஒட்டிய மின்வாய்களுக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் சில மில்லிவோல்ட். அலை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஆடுவதால், நேரடியாகச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் வரும். அதனால் ஒவ்வொரு மதிப்பையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். தசை எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதை அந்த எண் காட்டும். களைப்பைக் காட்டுவது அலைவெண்: தசை சோர்ந்தால் அலைவெண்களின் இடைநிலை மதிப்பு இறங்கும்.

ஆனால் தோலடிக் கொழுப்பும் மின்வாய் ஒட்டிய இடமும்கூட எண்களை மாற்றிவிடும். எனவே ஒருவரின் அளவை, அவரே முழுப் பலத்தோடு முயன்றபோது கிடைத்த அளவால் வகுத்துத்தான் பிறரோடு ஒப்பிடுவது வழக்கம். காயம்பட்டவரால் முழுப் பலத்தைக் காட்ட முடியாது என்பதால் அதிலும் கவனம் வேண்டும்.

கொலம்பியாவின் நுவேவா கிரனாடா ராணுவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 22 ஆண்களிடம் எடுத்த ஈ.எம்.ஜி. பதிவுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 11 பேருக்கு முழங்கால் கோளாறு. மற்ற 11 பேருக்கு இல்லை. நடக்கும்போதும், உட்கார்ந்து காலை நீட்டும்போதும், நின்றபடி காலை மடக்கும்போதும் தொடையின் நான்கு தசைகளை நொடிக்கு 1,000 முறை அளந்திருக்கிறார்கள்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு தசையிலிருந்து மட்டும் 60,000 எண்கள்! யாருக்குக் கோளாறு என்று சொல்ல இவற்றைக் கொண்டு கணினியைப் பழக்கலாம். இங்கேதான் புள்ளியியல் எச்சரிக்கிறது. பதிவைச் சிறு துண்டுகளாக்கி, கலைத்துப்போட்டு, ஒரு பகுதியால் கணினிக்குப் பயிற்சி தந்து மறுபகுதியால் சோதித்தால், ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் இருக்கும். கணினி காயத்தை விட்டுவிட்டு ஆளையே அடையாளம் கண்டுகொள்ளும். மதிப்பெண் பொய்யாக உயரும். ஒருவரை முழுவதுமாக ஒதுக்கி, மற்ற 21 பேரிடம் கற்றதை அவரிடம் சோதிக்க வேண்டும். இப்படி 22 பேருக்கும் செய்ய வேண்டும். மதிப்பெண் குறையலாம், ஆனால் அதைத்தான் நம்பலாம்.

எண்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும் மனிதர்கள் 22 பேர்தான். பிசியோதெரபிஸ்ட்டைத் தேடி வருகிறவரோ எப்போதும் 23ஆம் ஆள். அவருக்குப் பயன்படாத கணக்கு எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் மருத்துவமாகாது.