நாவலும் அத்தியாயப் பகுப்பும்

ஒரு நூலை எவ்வாறு பகுத்தல் வேண்டும் என்னும் வினா தமிழிலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல், நூலின் உறுப்புக்களைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்காக வகுத்து, அவற்றின் இலக்கணத்தையுங் கூறுகின்றது. ஒத்த இனப் பொருள்கள் மட்டும் ஓரிடத்தே நிரலுற அமைவது ஓத்து. பல்வேறு பொருள்கள் விரவி வந்தும் பொதுவான ஒன்றினால் தொடர்புற்று நிற்பது படலம். ஒரு பகுதி எதனால் ஒரு பகுதியாகின்றது என்பதற்கு இவ்விரு விளக்கங்களும் இருவேறு விடைகள். இலக்கண நூலை நோக்கி எழுந்த இவ்விளக்கங்கள் கதை நூலுக்கும் ஓரளவு பொருந்துவனவே.

காப்பிய ஆசிரியர்கள் பகுப்பினை வெறும் எல்லைக்கோடாகக் கருதினாரல்லர். சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று தலைநகரங்களின் பெயரால் மூன்று காண்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கதைமாந்தர் நகர்விட்டு நகர் பெயர, அவர்தம் வாழ்வும் நிலைபெயர்கின்றது. புகாரில் வாழ்க்கைத் துணைவியாய் இருந்தவள் மதுரையில் நீதி கேட்பவளாகி, வஞ்சியில் தெய்வமாகின்றாள். இடத்தின் மாற்றமும் பொருளின் மாற்றமும் ஒன்றிய இப்பகுப்பினைக் கதையினின்றும் பிரித்தெடுத்தல் அரிது. சீவக சிந்தாமணியோ பதின்மூன்று இலம்பகங்களாய், அவற்றுட் பலவும் சீவகன் மணந்த மங்கையர் பெயரைத் தாங்கி நிற்பது. அங்கே பகுப்பின் அடிப்படை இடமன்று, தலைவனின் பேறுகளாம்.

உரைநடையில் எழுந்த நாவலுக்கு இத்தகைய மரபு தொடக்கத்தில் இருந்ததில்லை. ஆங்கில நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் டீபோவின் 'இரொபின்சன் குரூசோ' 1719இல் வெளிவந்தபோது அதில் அத்தியாயங்களே இல்லை. கதை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாகச் சென்றது. 1742இல் வெளிவந்த 'ஜோசப் அன்றூஸ்' என்னும் நாவலில் ஹென்றி பீல்டிங், நூலாசிரியர்கள் தம் நூல்களைப் பகுப்பதன் காரணத்தை ஆராய்வதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். அத்தியாயங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை அவர் வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் விடுதிக்கு ஒப்பிட்டார். தலைப்புக்களை விடுதி வாயிலிலுள்ள அறிவிப்பு எழுத்துக்களுக்கு ஒப்பிட்டார். நகைச்சுவையோடு கூறப்பட்டதாயினும் இவ்வொப்புமையில் ஓர் உண்மை உண்டு. விடுதி வழிப்போக்கனுக்காக அமைவது. ஆயினும் அஃது எங்கே அமைய வேண்டும் என்பதைப் பாதையின் இயல்பே தீர்மானிக்கின்றது. அவ்வாறே அத்தியாயமும் வாசகனுக்காக அமைவதெனினும், அதன் இடத்தைக் கதையின் இயல்பே காட்டல் வேண்டும்.

இனி, நாவலாசிரியன் இப்பகுப்பினை எப்பொழுது செய்தல் தக்கது என்பது ஆராயத்தக்கது. எழுதத் தொடங்கு முன்னரே வரையறுத்துக்கொள்ளலாம். எழுதிச் செல்லுகையில் ஒவ்வொன்றாக முடித்துச் செல்லலாம். அன்றி, முழு வரைவும் முடிந்தபின் பகுக்கலாம். இம்மூன்றுக்கும் பேராசிரியர்களின் நூல்களில் எடுத்துக்காட்டுக்கள் உள.

முதலாவது முறைக்குச் சார்ல்ஸ் டிக்கின்ஸ் சிறந்த சான்று. அவருடைய பெருநாவல்கள் பல மாதந்தோறும் 32 பக்கங்கொண்ட தனி வெளியீடுகளாக வந்தவை. பக்க அளவு முன்னரே உறுதியானது. அதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆகவே 1846இல் வெளிவரத் தொடங்கிய 'டொம்பியும் மகனும்' முதலாக, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு குறிப்புத்தாள் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை அவர் கைக்கொண்டார். தாளின் ஒரு பாதியில் தமக்குத் தாமே வினவிக்கொண்ட வினாக்களும் எண்ணங்களும் இருக்கும். மறுபாதியில் அவ்வெளியீட்டில் வரவேண்டிய அத்தியாயங்களும் அவற்றின் பொருளும் இருக்கும். இன்ன பாத்திரம் இப்பொழுது வரவேண்டுமா என்று ஒருபுறம் வினவி, வேண்டும் என்றோ அடுத்த முறை என்றோ அவரே விடையும் எழுதிக்கொண்டார். இத்தாள்கள் பல இன்றும் பேணப்படுகின்றன. முன்கூட்டிப் பகுத்தல் கற்பனையைத் தளைப்படுத்தும் என்பார்க்கு இவை தக்க மறுமொழியாகும்.

எனினும், அதே டிக்கின்ஸ் இம்முறையின் இடர்ப்பாட்டையும் உணர்ந்தவர். 'கடின காலம்' என்னும் நாவல் 1854ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் ஓகஸ்ற் வரை அவர் நடாத்திய வார இதழில் இருபது பகுதிகளாக வெளிவந்தது. மாத வெளியீட்டின் பரப்புக்குப் பழகிய கைக்கு வார இதழின் சிற்றிடம் நெருக்கமாயிருந்தது. அந்நெருக்கடியைக் குறித்து நண்பர் போஸ்ரருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வருந்தியுள்ளார். இதழில் வந்தபோது அத்தியாயங்களுக்கு எண் மட்டுமே இருந்தது, தலைப்பு இல்லை. அவ்வாண்டே நூலாக வெளியிடப்பட்டபொழுது, 37 அத்தியாயங்களும் விதைப்பு, அறுவடை, களஞ்சியஞ் சேர்ப்பு எனப் பொருள்படும் மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டன. ஒவ்வோர் அத்தியாயமும் தலைப்புப் பெற்றது. உணர்ச்சியை ஒதுக்கிக் கணக்கையும் தகவலையும் மட்டுமே கற்பித்த கல்வி என்ன விளைவைத் தரும் என்பதே இந்நாவலின் பொருள். வாரந்தோறும் வாசித்தவர்க்கு இது தனித்தனி நிகழ்ச்சிகளின் தொடராகத் தோன்றியிருத்தல் கூடும். விதைத்ததையே அறுத்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு, மூன்று பகுதிகளின் பெயரால் நூலின் உருவத்திலேயே வெளிப்பட்டது. இதழின் தேவைக்காகச் செய்த பகுப்பு ஒன்று. நூலின் பொருளுக்காகச் செய்த பகுப்பு மற்றொன்று.

வரைவு முடிந்தபின் பகுப்பு மாறுவதற்கு ஜேன் ஒஸ்ரின் எழுதிய இறுதி நாவலாகிய 'பெர்சுவேசன்' தெளிவான சான்று தருகின்றது. பிறர் அறிவுரைக்கு இணங்கித் தான் விரும்பிய கடற்படை வீரனை மறுத்துவிட்ட ஆன் எலியற், எட்டாண்டுகளின் பின் அவனை மீண்டுஞ் சந்திப்பதே கதை. 1816ஆம் ஆண்டு யூலை 18இல் ஆசிரியை இதனை எழுதி முடித்தார். அம்முதல் முடிவில், வென்ற்வேர்த் ஆனைத் தனியே சந்திக்கும் வாய்ப்பை அவனுடைய உறவினரான கடற்படைத் தலைவர் ஒருவர் தம் இல்லத்தில் ஏற்படுத்திவிடுகின்றார். ஆன் வேறொருவரை மணக்கப்போவது மெய்யோ எனக் கேட்டறியும் பொறுப்பும் அவனுக்குத் தரப்படுகின்றது. அவள் மறுக்க, இருவர் உள்ளமும் ஒன்றுபடுகின்றன. இவையனைத்தும் ஓர் அத்தியாயத்துள் அடங்கின.

இம்முடிவு ஆசிரியைக்கு நிறைவளிக்கவில்லை. மூன்று வாரங்களுக்குள், ஓகஸ்ற் 6ஆம் நாளளவில், அவ்வத்தியாயத்தை நீக்கி அதனிடத்தில் இரண்டு அத்தியாயங்களை எழுதினார். புதியவற்றுள் முதலாவது, கதைமாந்தர் பலரையும் பாத் நகரத்து விடுதியொன்றிற் கூட்டுகின்றது. அங்கே வென்ற்வேர்த்தும் ஆனும் ஒருவர் மனத்தை ஒருவர் ஐயுற்றவாறே நிற்கின்றனர்; எதுவும் தீராமலே அந்நாள் கழிகின்றது. இரண்டாவது அத்தியாயம் மறுநாளைக்குரியது. ஆண், பெண் ஆகிய இருபாலாருள் எவர் அன்பு நீடித்து நிற்பது என்பதுபற்றி ஆன் வேறொரு கடற்படை வீரனுடன் உரையாடுகின்றாள். அருகே கடிதம் எழுதிக்கொண்டிருந்த வென்ற்வேர்த் அதனைக் கேட்டு, தன் உள்ளத்தைத் திறந்து அவளுக்கே ஒரு கடிதம் எழுதி வைத்துச் செல்கின்றான்.

இம்மாற்றத்தால் விளைந்தவை இரண்டு. முதல் வரைவில் பிறர் ஏற்பாட்டினாற் கிட்டிய முடிவு, இரண்டாம் வரைவில் ஆனுடைய சொல்லினாலேயே கிட்டுகின்றது. ஒருகாலத்திற் பிறர் சொல்லுக்கு இணங்கியவள், இப்பொழுது தன் சொல்லால் மற்றொருவன் மனத்தை மாற்றுகின்றாள். கதையின் கருத்து இதனாலேயே முழுமை பெறுகின்றது. மற்றையது, இரு அத்தியாயங்களுக்கும் இடையே ஓர் இரவு அமைந்தமை. அவ்விரவின் வெற்றிடத்தில் வாசகன் ஆனோடு ஒருங்கே காத்திருக்கின்றான். ஒரே அத்தியாயத்தில் அனைத்தும் முடிந்திருந்தால் இக்காத்திருப்புக்கு இடமில்லை. அத்தியாயங்களை இரட்டிப்பாக்குதல் ஆசிரியையின் நோக்கமன்று. முடிவை மாற்றுதலே நோக்கம். முடிவு மாறவே, அது தனக்கு வேண்டிய பகுப்பைத் தானே தேடிக்கொண்டது. ஆசிரியை மறைந்தபின் 1817இன் இறுதியில் வெளிவந்த நூல், தொகுதிக்குப் பன்னிரண்டாக 24 அத்தியாயங்கள் கொண்டமைந்தது. நீக்கப்பட்ட பகுதியின் கையெழுத்துப் படி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

நூல் அச்சேறிய பின்னரும் பகுப்பு மாறுதல் உண்டு. தோல்ஸ்தோயின் 'போரும் சமாதானமும்' 1868–69இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் அதனை நான்காகச் சுருக்கி, வரலாறு பற்றிய தத்துவ ஆராய்ச்சிகளைக் கதையினின்றும் பிரித்து இறுதியிற் சேர்த்தார். பிற்காலப் பதிப்புக்களில் நான்கு தொகுதி அமைப்பு நிலைத்தது. தத்துவப் பகுதிகளோ கதையினுள்ளே தம் பழைய இடத்துக்கு மீண்டன. கதையும் ஆராய்ச்சியும் ஓரினமோ, வேறினமோ என்னும் ஐயமே இம்மாற்றங்களுக்கு அடிப்படை. மேலே குறித்த ஓத்து, படலம் என்னும் வேறுபாட்டை அறிந்தார்க்கு இவ்வையத்தின் இயல்பு எளிதிற் புலனாகும்.

தமிழ் நாவலின் வரலாற்றில் இவ்வினா தனியொரு முக்கியத்துவம் உடையது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் நூலாகவே வெளிவந்தது. ஈழத்தவர் முயற்சிகளான சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இலும், திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இலும் தோன்றின. ஆயின், இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழியே பெருவழியாயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து ஐந்து பாகங்களாக நிறைந்தது. ஈழத்திலும் நாளிதழ்களின் வார வெளியீடுகள் தொடர்கதைகளுக்கு இடமளித்தன. நாவல் எழுதுவோன் ஒருவனுக்கு வாசகரை அடையும் வழி இதழாகவே இருந்த காலத்தில், அத்தியாயத்தின் அளவையும் முடிவையும் இதழே வரையறுத்தது.

இதனாற் பெற்ற நன்மையை மறுத்தலாகாது. தமிழ் வாசகர் தொகை பெருகியதும், கதையை விறுவிறுப்பாக நகர்த்தும் ஆற்றல் வளர்ந்ததும் தொடர்கதையினாலேயே. கல்கி போன்ற கைதேர்ந்தார் வாரமுடிவின் ஆவலையும் நெடுங்கதையின் கட்டுக்கோப்பையும் ஒருங்கே பேண முடிந்தது. அத்தகைய ஆற்றல் வாயாதாரிடத்து இரு குறைகள் நேர்வதுண்டு. முன்வந்ததை வாசகனுக்கு நினைவூட்டும் வாக்கியங்கள் அத்தியாயந்தோறும் தலைகாட்டுதல் ஒன்று; கதைக்கு வேண்டாத திடுக்கம் ஒவ்வோர் இறுதியிலும் புகுதல் மற்றொன்று. ஒரு வார இடைவெளியோடு வாசிப்பவனுக்கு இவை துணையாகலாம். ஒரே இருக்கையில் நூலாக வாசிப்பவனுக்கு இவை தடையே. கதவு தட்டப்படும் ஓசையோடு முடியும் அத்தியாயத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, தட்டியவர் பால்காரர் என்று காணும் வாசகன் ஆசிரியன்மேல் நம்பிக்கை இழக்கின்றான். தொடராக வந்ததை அவ்வாறே அச்சிற் பெயர்த்தல் நூலாக்குதல் ஆகாது. 'கடின காலம்' நூலாகியபோது டிக்கின்ஸ் செய்ததுபோல, முழுமையை நோக்கி மீண்டும் வகுத்தலே நூலாக்குதலாகும்.

புதிதாக எழுதப் புகுவோர்க்கு இவற்றினின்றும் பெறப்படுவது யாது? எழுதத் தொடங்குகையில் தற்காலிகமான பகுப்பு ஒன்றிருத்தல் நன்று. அது நெடுவழியிற் கை தளராமற் காக்கும். ஆனால் அதனை இறுதியானதாகக் கொள்ளுதல் கூடாது. முதல் வரைவை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக எழுதிச் செல்லலாம். கதையின் முடிவு தெரியுமுன், எந்நிகழ்ச்சி பெரிது, எது சிறிது என்பதை எழுதுவோனே அறியான். அதனை அறியாதவன் எங்கே நிறுத்துவது என்பதையும் அறியான். ஆதலின் இறுதிப் பகுப்புக்கு உரிய காலம் முழு வரைவும் கைக்கு வந்த பின்னரே.

அப்பொழுது ஒவ்வொரு பகுதியையும் சில வினாக்களால் அளந்தறியலாம். இப்பகுதியின் தொடக்கத்தில் இருந்த நிலைக்கும் இறுதியில் உள்ள நிலைக்கும் வேறுபாடு யாது? வேறுபாடு இல்லையேல், அது தனி அத்தியாயமாதற்கு உரியதன்று. அயலதனோடு சேர்தல் வேண்டும், அல்லது நீங்குதல் வேண்டும். ஒரே பகுதியில் இரண்டு பெருமாற்றங்கள் நிகழ்கின்றனவா? நிகழ்ந்தால், அவற்றுக்கிடையே வாசகன் தங்கிச் சிந்திக்க இடம் வேண்டுமா என்று பார்த்தல் தகும். காலமோ இடமோ மாறியது என்ற ஒன்றே காரணமாயின், வரிகளுக்கிடையே சிறிது இடம்விட்டு எழுதுதலே அமையும். புதிய அத்தியாயம் வேண்டுவதில்லை. அளவு சமமாதல் கட்டாயமன்று. மெல்விலின் 'மோபி டிக்' என்னும் நாவலின் 135 அத்தியாயங்களுள் சில ஒரு பக்கத்தளவே. சில மிக நீண்டவை. கடல்வாழ்வின் அமைதியும் கொந்தளிப்பும் போல அவை வேறுபடுகின்றன. ஆயினும் குறியதும் நெடியதும் தத்தம் இடத்திற் பொருந்தியே உள்ளன.

வகுப்பறையில் ஒரு நாவலைப் பயில்வோர்க்கும் இம்முறை பயன்படுவதே. கதைச் சுருக்கம் எழுதுவதோடு நில்லாது, ஆசிரியர் ஏன் இவ்விடத்தே நிறுத்தினார், இரண்டு வரி முன்னரோ பின்னரோ நிறுத்தியிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்று வினவும் மாணவன், நாவலின் கட்டமைப்பை உள்ளிருந்து காண்கின்றான். அத்தியாய முடிவில் எஞ்சும் வெற்றுத்தாளும் நூலின் ஒரு பகுதியே என்பதை அவன் அறிவான். ஆசிரியன் அங்கே பேச்சை நிறுத்துவது வாசகன் சிந்திப்பதற்காக என்க.