முந்திச் செல்லும் சீட்டு

பங்குனிப் பொங்கலையொட்டி விருதுநகரில் நடைபெறும் பொருட்காட்சியை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். அங்கே இராட்டினத்தின் முன்பு முதலாளியின் மகனும் தொழிலாளியின் மகனும் ஒருவன் பின் ஒருவனாகவே நிற்கிறார்கள். முன்னே வந்தவன் முன்னே ஏறுகிறான்; பின்னே வந்தவன் காத்திருக்கிறான். இந்த நீதியை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை. ஜனங்களே வகுத்து, ஜனங்களே காத்துவருகிறார்கள். ஆனால் இராட்டினமே பெருவியாபாரமாகி, உல்லாசப் பூங்கா என்ற பெயரில் பல ஏக்கர் பரந்து விரிந்துவிட்ட இந்நாளில், மேற்படி நீதிக்கு ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. கூடுதல் பணம் கொடுப்போர்க்குத் தனி வழி; கொடாதார்க்கு நீண்ட வரிசை. அக்கூடுதல் பணம் கொடுக்கத் தக்கதுதானா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

தேச காரியங்கள் எத்தனையோ இருக்க, இராட்டினத்தைப் பற்றி ஒரு வியாசமா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். வருஷமெல்லாம் உழைத்த தொழிலாளி தன் சேமிப்பையும், அருமையாய்க் கிடைத்த ஒருநாள் ஓய்வையும் எவ்வாறு செலவிடுகிறான் என்பது அற்ப விஷயமன்று. பணமுள்ளவன் முன்னே, இல்லாதவன் பின்னே என்ற வழக்கத்துக்கு நம் குழந்தைகள் எந்த வயதில் பழகுகிறார்கள் என்பதும் அற்ப விஷயமன்று.

விவரங்களை முதலில் பார்ப்போம். கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில், வி-கார்டு நிறுவனத்தின் ஸ்தாபகரான கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ஆம் ஆண்டில் 'வீகாலாண்ட்' என்ற பூங்காவைத் தொடங்கினார். பின்னர் அது 'வொண்டர்லா' என்று பெயர் மாறிற்று. அதே நிறுவனம் 2005-இல் பெங்களூர் அருகிலும், 2016-இல் ஹைதராபாத்திலும், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கத்திலும் பூங்காக்களைத் திறந்தது. இங்கே சாதாரணச் சீட்டுடன், 'ஃபாஸ்ட் டிராக்' என்ற விரைவுச் சீட்டும் அதிக விலைக்கு விற்கப்படுகிறது.

இவ்வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. 1955-இல் காலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்த டிஸ்னி நிறுவனம், 1999-இல் 'ஃபாஸ்ட் பாஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குறித்த நேரத்துக்கு வந்தால் வரிசையில் நிற்காது ஏறலாம். அதற்குக் காசு இல்லை. சீட்டு வாங்கி உள்ளே வந்த எவர்க்கும் அது கிடைத்தது. 2021-இல் அமெரிக்கப் பூங்காக்களில் அவ்விலவசம் நின்று, கட்டணம் வந்தது. 2024-இல், டிஸ்னிலாண்டில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 400 டாலர் என்ற பெருங்கட்டணச் சீட்டும் விற்பனைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில், யாவர்க்கும் பொதுவான வசதி செல்வர்க்குரிய சலுகையாக மாறிய வரலாறு இது.

இனி, இச்சீட்டு உண்மையில் எதை விற்கிறது என்று ஆராய்வோம். ஓர் உதாரணக் கணக்கு. ஒரு விளையாட்டில் ஒரு சுற்றுக்கு 24 பேர். மணிக்கு 20 சுற்று. ஆக, மணிக்கு 480 பேர் ஏறலாம். வரிசையில் 480 பேர் நின்றால், கடைசி ஆள் ஒரு மணி நேரம் காத்திருப்பார். அவ்விடங்களில் பாதியை விரைவுச் சீட்டுக்காரர்க்கு ஒதுக்கிவிட்டால், பொது வரிசை மணிக்கு 240 பேராகவே நகரும். அதே கடைசி ஆள் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். விரைவுச் சீட்டினால் இராட்டினம் ஒரு சுற்றும் கூடுதலாகச் சுற்றவில்லை. ஓர் ஆசனமும் அதிகமாகவில்லை. ஒருவர் மிச்சப்படுத்திய நிமிஷங்கள் மற்றொருவர் தலையில் ஏற்றப்பட்டன. அவ்வளவே. இதிலிருந்து மற்றொரு முடிவும் தானே பெறப்படும். அச்சீட்டை வாங்குவோர் மிகப் பலரானால், விரைவு வழியே ஒரு வரிசையாகிவிடும். கூட்டமே இல்லாத நாளிலோ அச்சீட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே கூட்டம் மிகுந்து, வாங்குவோர் குறைந்த நாளில் மட்டுமே அது பலன் தரும்.

சிவகாசி மக்களுக்கு இது புதுப் பாடமன்று. மருந்து அறைக்குள் இத்தனை பேருக்குமேல் இருக்கலாகாது, இத்தனை எடைக்குமேல் மருந்து வைக்கலாகாது என்று வரம்பு இருக்கிறது. ஆர்டர் குவிந்துவிட்டதென்று அவ்வரம்பை மீறியதால் விளைந்த துயரங்களை அங்குள்ள குடும்பங்கள் அறியும். வரம்புள்ள இடத்தில் அவசரம் எதையும் பெருக்குவதில்லை என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

தீபாவளி விற்பனை ஓய்ந்தபின் பட்டாசு ஆலைகள் சின்னாட்கள் மூடப்படுகின்றன. உல்லாசப் பயணம் போக விரும்புவோர்க்கு அதுவே சமயம். ஐம்பது பேர் சேர்ந்து ஒரு பேருந்தை அமர்த்தி, இரவில் புறப்பட்டு மலையைக் கடந்து, காலையில் கொச்சி சேர்ந்து, மாலையில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் பத்துப் பேர் விரைவுச் சீட்டு வாங்குகிறார்கள். நாற்பது பேர் வாங்கவில்லை. பத்துப் பேரும் முன்னதாகவே எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டார்கள். பிறகு என்ன செய்வார்கள்? மற்ற நாற்பது பேர் வரும்வரை வாயிலில் காத்திருப்பார்கள். கடைசி ஆள் ஏறாமல் பேருந்து நகராது. காசு கொடுத்து வாங்கிய நேரம் அங்கே கழிகிறது. அதுமட்டுமா? ஒரே கூரையின்கீழ் அருகருகே அமர்ந்து திரி முறுக்கியவர்கள், ஒருநாள் சந்தோஷத்துக்காக வந்த இடத்தில் இரண்டு ஜாதியாகப் பிரிகிறார்கள். ஒருத்தியின் குழந்தை முன்னே ஓடுகிறது, மற்றவளின் குழந்தை, "நாம் ஏன் அம்மா அந்த வழியில் போகவில்லை?" என்று கேட்கிறது. அக்கேள்விக்கு அந்தத் தாய் சொல்லவேண்டிய பதில் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. ஆதலின், கூட்டமாகச் செல்வோர்க்கு நமது யோசனை ஒன்றே. வாங்கினால் எல்லோர்க்கும் வாங்குக. இல்லையேல் ஒருவரும் வாங்கற்க.

தனிக் குடும்பமாகச் செல்வோர் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம். தலைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலென்றால், நால்வர்க்கு நாலாயிரம். நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி பெறுபவர்க்கு அது எட்டு நாள் உழைப்பு. இரண்டு மணி நேர நிற்றலைத் தவிர்க்க எட்டு நாள் உழைப்பா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அன்றியும், சீட்டு வாங்குவது ஓர் உடன்படிக்கை. அதன் ஷரத்துக்களைப் படியாமல் பணம் செலுத்துவது விவேகமன்று. எந்தெந்த விளையாட்டுகளுக்கு அது செல்லும், ஒவ்வொன்றிலும் எத்தனை முறை ஏறலாம், மழையினாலோ பழுதினாலோ ஒன்று நின்றுவிட்டால் பணம் திரும்புமா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பெரிய விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. அவ்வுயரத்தை எட்டாத சிறுவனுக்கும், ஏறவே அஞ்சும் பாட்டிக்கும் விரைவுச் சீட்டு வாங்குவது வீண் செலவு.

காசில்லாத விரைவுச் சீட்டு ஒன்றும் உண்டு. பள்ளிக்கூட விடுமுறையும் ஞாயிறும் அல்லாத நாளைத் தேர்ந்தெடுத்து, கதவு திறக்கும்போதே வாயிலில் நின்று, எல்லோரும் விரும்பும் பெரிய விளையாட்டுகளை முதலில் முடித்துக்கொள்வதே அது. ஊரெல்லாம் உணவுக்கு ஒதுங்கும் வேளையிலும் வரிசை குறையும். ஆலை மூடியிருக்கும் காலத்தில் வேலைநாட்களும் ஓய்வாகவே கிடைப்பது சிவகாசித் தொழிலாளிக்கு ஓர் அனுகூலம். இவ்வளவுக்குப் பிறகும், திரும்ப வர வாய்ப்பில்லாதவர், கூட்டம் மிகுந்த நாளன்றி வேறு நாள் அமையாதவர், நெடுநேரம் நிற்க முடியாத உடலினர் ஆகியோர் தம் சக்திக்கு உட்பட்டு அச்சீட்டை வாங்குவதை நாம் குறைகூற மாட்டோம். பூங்கா ஒரு வியாபாரம்; அங்கே போவதும் போகாதிருப்பதும் அவரவர் இஷ்டம்.

நாம் அஞ்சுவது வேறொன்று. வியாபாரத்துக்குப் பொருந்தும் இந்த வழக்கம் வியாபாரத்தின் எல்லையோடு நிற்பதில்லை. திருப்பதியில் 300 ரூபாய்ச் சிறப்புத் தரிசனச் சீட்டு இருக்கிறது. ரயிலில் தட்கல் இருக்கிறது. ஆடி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்குக் கால்நடையாக வரும் ஏழைக்கும், காரில் வரும் தனவந்தர்க்கும் அம்மன் ஒருத்தியே. கேளிக்கையில் பிந்தினால் நஷ்டம் ஒரு சுற்று இராட்டினம். ஆஸ்பத்திரியிலும், ரேஷன் கடையிலும், கச்சேரி வாசலிலும் பிந்தினால் நஷ்டம் வாழ்க்கை. இவ்விடங்களிலெல்லாம் வரிசை என்பது பிரஜைகளின் சொத்து. அதை விற்கும் அதிகாரம் எவர்க்கும் இல்லை.

விருதுநகரில் பலரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், அவருடைய அன்னையார் சிவகாமி அம்மையார் வசித்த வீட்டுக்கு நகரசபையார் தனிக் குழாய் அமைத்துக் கொடுத்தனர் என்றும், அதை அறிந்த காமராஜர் உடனே அகற்றும்படி கூறினார் என்றும் சொல்வார்கள். தெருவில் எல்லோரும் குடம் வைத்துக் காத்திருக்கும் இடத்திலேயே தம் அன்னையும் நீர் பெறவேண்டும் என்பது அவர் கொள்கை.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்வோம். பூங்காவில் விரைவுச் சீட்டு வாங்குவதா என்பதை உங்கள் பணப்பையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையிலும் அலுவலக வரிசையிலும், கட்சியின் பெயரைச் சொல்லியோ உத்தியோகஸ்தரின் பழக்கத்தைக் காட்டியோ ஒருநாளும் முந்தாதீர்கள். காசு கொடாமல் பெறும் அந்தச் சலுகையின் விலையை உங்களுக்குப் பின்னே நிற்கும் ஏழை செலுத்துகிறான்.