சட்டைக்குள் ஒரு புகைபோக்கி

சித்திரை மாத நண்பகல். சேரன்மகாதேவியில் பிசான அறுவடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. வெக்கை தாங்காமல் தெருவில் நடமாட்டமே இல்லை. வீட்டுத் தார்சாவில் தையல் எந்திரத்தின் முன் உங்கள் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு ஒரு கோடை கவுன் தைக்கப்போகிறாள். "மெல்லிய துணியாக எடு" என்கிறார் ஆச்சி. "வெள்ளையாக எடு" என்கிறார் அம்மா. "கையே வைக்காதே" என்கிறாள் பக்கத்து வீட்டுத் தோழி. யார் சொல்வது சரி?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். எந்தத் துணியும் தானாக உடலைக் குளிர்விப்பதில்லை. குளிர்விப்பது வியர்வை; அதுவும் வழிந்து சொட்டும் வியர்வை அன்று, ஆவியாகும் வியர்வை.

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல், சுமார் 100 வாட் குண்டு பல்பைப் போல வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மார்கழியில் இந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றுக்குத் தானே போய்விடும். ஆனால் காற்று 40 டிகிரி செல்சியசும், தோல் 35 டிகிரியும் இருந்தால் என்ன ஆகும்? வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தானே பாயும்? ஆகவே காற்றிலிருந்து நம் உடலுக்குள் வெப்பம் வரத் தொடங்கும். வெளியேற ஒரே வழி ஆவியாதல்தான். தோலின் மீது ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 100 வாட் என்றால் மணிக்கு 3,60,000 ஜூல். வகுத்துப் பாருங்கள்: 150 கிராம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கே மணிக்கு ஒரு தம்ளர் வியர்வை ஆவியாக வேண்டும்! வேலை செய்தாலோ வெயிலில் நடந்தாலோ இன்னும் அதிகம்.

தோலை ஒட்டியுள்ள காற்று இந்த நீராவியை வாங்கிக்கொண்டு விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதை வெளியேற்றி உலர்ந்த காற்றை உள்ளே விட்டால்தான் வேலை தொடர்ந்து நடக்கும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள பெரிய பால் கவர்கள் இரண்டைக் கழுவி உலர்த்துங்கள். ஒன்றை இடக்கையில் மாட்டி மணிக்கட்டில் நூலால் கட்டுங்கள். மற்றதன் அடியையும் வெட்டித் திறந்துவிட்டு, இரு பக்கமும் திறந்த குழாயாக வலக்கையில் தொளதொளவென்று மாட்டுங்கள். ஐந்து நிமிடம் கைகளை வீசி நடந்துவிட்டு வந்து இரண்டையும் கழற்றுங்கள். இடக்கை பிசுபிசுக்கும், வலக்கையில் அவ்வளவு ஈரம் இராது. பொருள் ஒன்று, கனம் ஒன்று. வேறுபாடு வாசலில்தான்.

இனி அக்காவின் அளவு நாடாவுக்கு வருவோம். மார்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். உடையின் சுற்றளவு 84 ஆனால் தோலுக்கும் துணிக்கும் இடையே சராசரியாக எவ்வளவு இடம் இருக்கும்? வட்டமாகக் கொண்டால், சுற்றளவுகளின் வேறுபாட்டை 2π ஆல், அதாவது சுமார் 6.3 ஆல், வகுக்க வேண்டும். விடை 0.6 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய இடத்தில் காற்று பெரும்பாலும் அசையாமல் தங்கிவிடும். 100 வைத்துத் தைத்தால் இடைவெளி 3 சென்டிமீட்டரைத் தாண்டும். அதில் காற்று தாராளமாகப் புரளும். (உடுத்துபவர் ஒல்லியோ பருமனோ, 20 சென்டிமீட்டர் கூட்டினால் கிடைக்கும் இடைவெளி ஒன்றேதான். ஏன் என்று யோசியுங்கள்.)

கழுத்தும் கீழ் விளிம்பும் அகலமாகத் திறந்திருந்தால் உடையே ஒரு புகைபோக்கி ஆகிவிடுகிறது. வெயிலில் துணி சூடேறும். உள்ளிருக்கும் காற்றும் சூடேறிக் கழுத்து வழியே மேலேறும். கீழிருந்து புதுக்காற்று நுழையும். நிழலில் காற்று 40 டிகிரியாக இருக்கும்போது நிலைமை தலைகீழ். தோலருகே உள்ள காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கனத்துக் கீழ்நோக்கி இறங்கும். எப்படியானாலும் இரு வாசல்களும் வேண்டும். நடக்கும்போது துணி அசைவதால் கொல்லன் துருத்தியைப் போலவும் காற்று உள்ளும் புறமும் போய்வரும்.

நிறத்தைப் பற்றி அம்மா சொன்னதற்கு வருவோம். சினாய்ப் பாலைவனத்தில் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிகிறார்களே, அது அறிவீனமா? ஷ்கோல்னிக் என்பவரும் அவருடைய தோழர்களும் இதை நேரடியாகச் சோதித்து, 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒருவரைப் பாலைவன வெயிலில் கறுப்பு அங்கியுடனும் வெள்ளை அங்கியுடனும் மாறி மாறி நிறுத்தினார்கள். கறுப்பு அங்கி அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மையே. ஆனால் அந்த மிகுதி வெப்பம் தோலை எட்டுமுன் காற்றோடு போய்விட்டது. இரண்டிலும் உடலுக்குக் கிடைத்த வெப்பம் ஒன்றே! அங்கிகள் தொளதொளப்பாக இருந்ததால்தான் இது நடந்தது. உடலோடு ஒட்டிய மெல்லிய சட்டைக்கு இது பொருந்தாது. அங்கே அம்மா சொன்னதுதான் சரி.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் செய்தியும் உண்டு. சேரன்மகாதேவி சுமார் 8.7 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நண்பகலில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வருகிறது. அப்போது வெயில் உடையின் பக்கங்களில் அதிகம் படாது. தலையிலும் தோளிலுமே விழும். துணி உடலோடு ஒட்டுவதும் அந்தத் தோளில்தான். எனவே தோள்பட்டைத் துண்டை வெளிர் நிறத்தில் இரட்டையாக வைத்துத் தைப்பது நல்லது. தோழி சொன்னபடி கையில்லாத உடை வீட்டுக்குள் சுகமே. வெளியே போனால் முழங்கை வரை தொளதொளப்பான கை வைத்ததே மேல். குடையும் இருந்தால் இன்னும் நல்லது.

துணி பருத்தியாக இருக்கட்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பரப்பும். பாலியஸ்டர் இழை ஏறக்குறைய உறிஞ்சாது. ஆனால் பருத்தியிலும் நெருக்கமாக நெய்தது காற்றை விடாது. ஆச்சி 'மெல்லிய' என்றது உண்மையில் இடைவெளி விட்டு நெய்த துணியைத்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாயில் போல ஊசித் துளைகளாக ஒளி தெரிந்தால் எடுங்கள். உள்ளே லைனிங் வேண்டாம். புதுப் பருத்தி சுருங்கும் என்பதால், வெட்டுமுன் ஓர் இரவு நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் கணக்குப் போட்டுக் கூட்டிய இருபதில் இரண்டு மூன்று முதல் சலவையிலேயே போய்விடும்.

இந்தப் புகைபோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாதல் மந்தமாகும். எவ்வளவு தொளதொளப்பும் போதாது. கடற்கரை ஊரில் 36 டிகிரி, சில சமயம் உள்நாட்டின் 40ஐவிடத் துன்பம் தருவது இதனால்தான். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி எட்டி, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் ஒருவர் தடுமாறிப் பேச்சுக் குழறி, உடல் நெருப்பாய்ச் சுட்டால், அவருடைய குளிர்விக்கும் ஏற்பாடு தோற்றுவிட்டது என்று பொருள். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து விடாமல் விசிறுங்கள். நினைவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.