குறி தப்பாத துப்பாக்கி எது?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் முதல் தேதி 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ஒரு ரயில்வே ஊழியர். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 2015-ல் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்தவர். தகுதிச் சுற்றில் 600-க்கு 590 எடுத்து ஏழாவதாக உள்ளே நுழைந்தார். இறுதிச் சுற்றில் 451.4 புள்ளியுடன் மூன்றாவதாக வந்தார். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடுகிற இந்த மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை. ரேணிகுண்டாவிலும் பாகாலாவிலும் ரயில்வேக்காரர்கள் நாலு பேர் கூடினால் அதைப் பற்றிப் பேசினார்கள். நம்மைப் போல் கறுப்புக் கோட்டுக்காரர்களோடு பழகுகிறவர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

அதன் பிறகு சித்தூரிலும் திருப்பதியிலும் என்.சி.சி.யில் இருக்கும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? எத்தனை மடங்கு தொலைநோக்கி போடலாம்?" இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். குசாலேயின் துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது. சர்வதேச 50 மீட்டர் ரைபிள் போட்டியிலும், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலும் துப்பாக்கிமேல் தொலைநோக்கி வைக்க அனுமதி இல்லை. பின்னால் ஊசித் துளை போன்ற ஒரு வட்டு, முன்னால் ஒரு சிறு வளையம், அதற்கப்பால் கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். பார்வைக் குறை உள்ளவர் கண்ணாடி அணியலாம். விழுந்த குண்டைப் பார்க்கத் தனியே காலூன்றி நிற்கும் தொலைநோக்கி வைத்துக்கொள்ளலாம். மேலே மாட்டும் தொலைநோக்கிக்கு ஆயிரக் கணக்கில் பணம் போட்டுவிட்டுப் போட்டிக்குப் போகிற பையன், வாசலிலேயே அதைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். குமாஸ்தா சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பலூன் கடைப் பாடம்

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையிலும் காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்திலும் பலூன் சுடும் கடையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சிவப்புப் பலூனைக் குறி பார்த்தால் பக்கத்து மஞ்சள் பலூன் வெடிக்கும். "துப்பாக்கியே கோணல்" என்று நாம் முணுமுணுப்போம். ஆனால் கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் இரண்டு குண்டு விரயம் செய்துவிட்டு, இடது பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறி வைத்து வரிசையாக ஆறு பலூனை உடைத்துவிடுவான். அந்தத் துப்பாக்கி கெட்ட துப்பாக்கி அல்ல. அதன் முன்குறி மட்டும் வளைந்திருக்கிறது. குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விழுகிறது.

துல்லியம் என்பது இதுதான். ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் நெருங்கி விழ வேண்டும். என்.சி.சி.யில் இதை 'குரூப்பிங்' என்பார்கள். எங்கே விழுகிறது என்பது திருகாணியைத் திருப்பிச் சரிசெய்கிற விஷயம். எவ்வளவு நெருங்கி விழுகிறது என்பதுதான் துப்பாக்கியின் யோக்கியதை. தெலுங்கில் 'குரி' என்பதும் தமிழில் 'குறி' என்பதும் ஒன்றே. இரண்டு மொழிக்காரரும் முதலில் கவலைப்பட வேண்டியது குழுவைப் பற்றி, பிறகுதான் குறியைப் பற்றி.

எவ்வளவு நெருக்கம் வேண்டும்? 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி அட்டையிலோ பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. கடுகில் பாதிகூட இல்லை. ஆகவே கடைக்காரர் "ரொம்ப துல்லியம் சார்" என்றால் அட்டையைக் கேளுங்கள். ஒரே ஒரு நல்ல குழுவைக் காட்டினால் போதாது. மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்து ஐந்து ஐந்தாக ஐந்து முறை சுட்ட அட்டைகள் வேண்டும். அதில் மிக மோசமான அட்டையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தோட்டாவே பாதி துப்பாக்கி

இந்த வகைத் துப்பாக்கிக்கு 'பாயின்ட் 22 ரிம்பயர்' என்று பெயர். தோட்டாவின் அடிப்பகுதி விளிம்பிலேயே தீப்பற்றும் மருந்து அடைத்திருக்கும். ஊசி அந்த விளிம்பில் அடித்ததும் வெடிக்கும். 1887-ல் அமெரிக்காவில் வந்த 'லாங் ரைபிள்' என்ற அதே தோட்டாதான் இன்றும் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. குண்டின் எடை சுமார் 2.6 கிராம், பருமன் 5.6 மில்லிமீட்டர்.

வேகமான தோட்டா நல்ல தோட்டா என்று நினைப்பது சகஜம். இங்கே அது தலைகீழ். போட்டித் தோட்டா விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே புறப்படும்படி செய்யப்படுகிறது. அதிவேகத் தோட்டா ஒலியை முந்திக்கொண்டு கிளம்பும். காற்றுத் தடையால் வேகம் குறைந்து ஒலிவேகத்தைக் கடந்து கீழே இறங்கும்போது ஆட்டம் கண்டு தடுமாறும். கைக்கு நல்ல உதைப்பும் சத்தமும் தருவது அட்டையில் சிதறலாக விழும்.

இன்னொரு விசித்திரம். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து கடைந்த இரண்டு குழல்களுக்கு ஒரே தோட்டா ஒத்துக்கொள்ளாது. ஒன்றுக்கு எலி கம்பெனித் தோட்டா பிடிக்கும், மற்றொன்றுக்கு லாப்புவா பிடிக்கும். ஒரே பெயரில் வரும் தோட்டாவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் குழு மாறிவிடும். பெரிய ஆட்டக்காரர்கள் துப்பாக்கியைத் தோட்டாத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போய்ப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நம்மால் அது ஆகாது. இரண்டு மூன்று வகைப் பெட்டிகளைச் சோதித்து, பொருந்தியதை அதே தொகுதி எண்ணில் கூடுமானவரை வாங்கி வைப்பது ஆகும். தோட்டாவை மாற்றியவுடன் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலிலிருந்து போய்ப் புதியது படியும்வரை குண்டு நிலைகொள்ளாது.

துப்பாக்கியில் பார்க்க வேண்டியவை என்று கேட்டால் குழல், விசை, கட்டை என்று சொல்வேன். இதில் குழலைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அட்டை. விசையை உடனே சோதிக்கலாம். போட்டித் துப்பாக்கியின் விசை ஏறத்தாழ 100 கிராம் அழுத்தத்தில், கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுபடும். வேட்டைத் துப்பாக்கியின் விசை அதைப் போல் பத்துப் பதினைந்து மடங்கு கனம். அதை இழுப்பதற்குள் குறி நகர்ந்துவிடும். கட்டை ஆளுக்குப் பொருந்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் பார்வை நேரே குறிவழியே போக வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி அல்ல. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ், வால்தர் போன்றவை உலகப் புகழ் பெற்றதற்குக் குழல் ஒரு காரணம் என்றால், கன்னக்கட்டையும் தோள்தட்டையும் அங்குலம் அங்குலமாக மாற்றிப் பொருத்தும் வசதி மற்றொரு காரணம். நம் நாட்டில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யும் பாயின்ட் 22 கைப்பழக்கத்துக்குப் போதுமானது. ஒலிம்பிக் கனவுக்கு அல்ல.

தொலைநோக்கி வேண்டாத பொருள் என்று சொல்ல வரவில்லை. மேஜைமேல் சாய்த்துச் சுடும் போட்டிகளில் அது உண்டு. துப்பாக்கியையும் தோட்டாவையும் சோதிக்கும் வேளையில், நம் கண்ணின் பிழையை ஒதுக்கிவிட்டுப் பார்க்க அது மிகவும் உதவும். அப்படி வாங்குகிறவர் மடங்கு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ரயில் நிலைய மேடைக் கடிகாரத்தை நேரே நின்று பார்த்தால் 10.05, பக்கவாட்டில் நின்று பார்த்தால் 10.06 என்று தோன்றுகிறதல்லவா? தொலைநோக்கியின் குறுக்குக் கோடும் அப்படித்தான். கண் சற்று விலகினால் கோடு குறியைவிட்டு நகர்ந்ததுபோல் தோன்றும். பெரிய துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கியில் இந்தப் பிழை 100 கெஜத்தில் நீங்கும்படி அமைத்திருப்பார்கள். 50 மீட்டருக்குச் சுடுகிறவர், தூரத்துக்கேற்ப அதைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் உள்ளதை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 24 மடங்கு கண்ணாடியும் பிரயோஜனப்படாது.

கம்பிச் சுருள் வைத்த காற்றுத் துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் உதறும். பெரிய ரைபிளின் உதைப்பைத் தாங்கும் தொலைநோக்கிகூட இந்த முன் உதறலில் உள்ளே கழன்றுவிடுவது உண்டு. அதற்கென்றே செய்தது என்று எழுதியிருந்தால்தான் வாங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

உரிமம் இல்லாமல் பாயின்ட் 22-ஐத் தொடுவது குற்றம். சிறிய குண்டு என்று அலட்சியம் கூடாது. அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். வீட்டுக் கொல்லையிலோ, சேஷாசல மலையடிவாரத்துப் பாறையில் காகிதம் ஒட்டியோ சுடலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் நடமாடும் இடம் அது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அங்கே காத்திருக்கிறது.

ஆனால் விளையாட்டுக்காக விரும்புகிறவருக்குச் சட்டம் கதவை அடைக்கவில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பாயின்ட் 22 ரைபிள் கேட்டால் அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. மனுதாரரின் நடத்தை, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக மறுக்கும் அதிகாரம் அடுத்த பிரிவில் இருக்கிறது என்றாலும், தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி கேட்பவரைவிட விளையாட்டுக்காரரின் நிலைமை மேல். பொதுவாக 21 வயது நிரம்பாதவர் ஆயுதம் வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சியில் பயன்படுத்த மட்டும் இளைஞர்களுக்கு விதிவிலக்கு உண்டு.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது கிளப் உறுப்பினர் அட்டை. 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தோடும் மாநிலச் சங்கத்தோடும் இணைந்த கிளப்தானா என்று பார்த்துச் சேருங்கள். கிளப்பின் துப்பாக்கியிலேயே ஆறு மாதம் சுட்டால், தன் தோளுக்கு எது பொருந்தும் என்பது தானே தெரிந்துவிடும். வெளிநாட்டுத் துப்பாக்கியை நினைத்தவுடன் தருவிக்கவும் முடியாது. போட்டிகளில் குறிப்பிட்ட தகுதி பெற்றுச் சங்கத்தின் வழியாகப் போகிறவர்களுக்குத்தான் இறக்குமதிச் சலுகை.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருக்கக் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் கொண்டதற்கு 2016-ம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். வீட்டுக்குள் 10 மீட்டர் நீளத்தில் ஒரு தாழ்வாரமும், பின்னால் குண்டைத் தாங்கும் இரும்புப் பெட்டியும், நடுவே யாரும் குறுக்கே வராத கட்டுப்பாடும் இருந்தால் போதும். இதை ஏதோ ஏழைக்கேற்ற மாற்று என்று எண்ண வேண்டாம். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இந்தப் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019-ல் சீனாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் பெற்றதும் இதிலேதான். அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் அந்தப் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

காற்று வீசும் நாளில் திறந்தவெளிக்குப் போகிறபோதுதான் பாயின்ட் 22-ன் உண்மையான பரீட்சை. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று 50 மீட்டருக்குள் குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் ஒதுக்கிவிடும். பத்தில் விழ வேண்டியது எட்டில் விழும். எவ்வளவு விலை கொடுத்த குழலும் இதைத் தடுக்காது. வரம்பில் நட்ட சிறு துணிக்கொடியைப் பார்த்து எப்போது சுடாமல் இருப்பது என்று கற்றுக்கொள்வதற்குச் சில ஆயிரம் தோட்டாக்கள் செலவாகும். துப்பாக்கிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தோட்டாவுக்கென்று முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

உரிம மனுவோடு கிளப் உறுப்பினர் சான்றும், ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் இணைக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டபடியால், அந்த ஊர் அன்பர்கள் இதற்காகச் சித்தூர் கலெக்டர் அலுவலகத்துக்கு ரயில் ஏறத் தேவையில்லை.